ஜப்பானிய அஞ்சல் முத்திரையில் தேதி பிடிபடவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

என் ஆல்பத்தில் ஒரு ஜப்பானியப் பட அஞ்சலட்டை ஆறு வருடமாக "1912 அக்டோபர் 8" என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தது. முத்திரையில் 8.10.12 என்று பளிச்சென்று தெரிகிறது. நாள், மாதம், ஆண்டு என்று நம் பழக்கத்தில் படித்து, எழுதி, ஒட்டியும் விட்டேன். பிறகு ஒரு மழை நாளில் பொழுது போகாமல் அதில் ஒட்டியிருந்த ஒன்றரை சென் (சென் என்பது யென்னில் நூறில் ஒரு பங்கு) நீல ஸ்டாம்பைக் கேட்டலாக்கில் தேடினேன். தசாவா என்று பெயர் பெற்ற ஸ்டாம்பு வரிசை. அது வெளியானதே 1913இல். பிறக்காத ஸ்டாம்பு எப்படி 1912இல் முத்திரை வாங்கியது?

ஸ்டாம்பிலும் குற்றமில்லை, முத்திரையிலும் குற்றமில்லை. படித்தவன்தான் தப்பு. அந்த அட்டையைத் திரும்பப் படித்தபோது கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு பட்ட மற்ற அடிகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் முத்திரை எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கணக்கு இருக்கிறது, அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

முதலில் கூட்டல் கணக்கு

ஜப்பானிய முத்திரையில் ஆண்டு என்பது பேரரசரின் சகாப்தத்தில் எத்தனையாவது ஆண்டு என்பது. கிறிஸ்தவ ஆண்டு வேண்டுமென்றால் முத்திரையில் உள்ள எண்ணோடு இவற்றைக் கூட்ட வேண்டும்:

மெய்ஜி (1912 ஜூலை 30 வரை): 1867
தைஷோ (1912 ஜூலை 30 முதல் 1926 டிசம்பர் 25 வரை): 1911
ஷோவா (1926 டிசம்பர் 25 முதல் 1989 ஜனவரி 7 வரை): 1925
ஹெய்செய் (1989 ஜனவரி 8 முதல் 2019 ஏப்ரல் 30 வரை): 1988
ரெய்வா (2019 மே 1 முதல்): 2018

இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லென்ஸ் வைக்கும் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாக வந்துவிடும். கூட்டுவதில் யாரும் தவறுவதில்லை. எந்த எண்ணைக் கூட்டுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறோம், ஏனென்றால் முத்திரையில் சகாப்தத்தின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. வெறும் 8 என்று நிற்கும். எந்த அரசரின் எட்டு என்று அது சொல்லாது. ஸ்டாம்பையும் அட்டையையும் கட்டணத்தையும்தான் கேட்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. "விரோதி வருஷம்" என்று பழைய பத்திரத்தில் இருந்தால் அது 1949ஆ 2009ஆ என்று தாளின் பழுப்பைப் பார்த்துத்தானே சொல்கிறோம்? அதே வேலைதான்.

அறிகுறி: தேதி தெளிவாக இருக்கிறது, ஆனால் ஸ்டாம்போடு பொருந்தவில்லை

பத்தில் எட்டுப் பேருக்கு, நான் பட்ட அதே அடிதான். உள்நாட்டு முத்திரையில் வரிசை எப்போதும் ஆண்டு, மாதம், நாள். இடது ஓரத்தில் நிற்பது ஆண்டு. ஆக 8.10.12 என்பது எட்டாம் ஆண்டு, அக்டோபர், 12ஆம் தேதி.

சந்தேகம் வந்தால் எண்களின் அளவைப் பாருங்கள். நடு எண் 12ஐத் தாண்டாது. கடைசி எண் 31ஐத் தாண்டாது. முதல் எண் மட்டும் 64 வரை போகும். 52.3.18 என்று இருந்தால் கேள்விக்கே இடமில்லை. மூன்றுமே சிறிய எண்ணாக இருக்கும்போதுதான் பழக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு குழப்பம்: போருக்கு முந்தைய முத்திரைகளில் ஊர்ப் பெயர் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். அதைத் தெரிந்துகொண்ட சிலர் எண்களையும் வலமிருந்து படித்துவிடுகிறார்கள். வேண்டாம். நம் 1, 2, 3 போன்ற எண்களில் தேதி இருந்தால் எந்தக் காலத்து முத்திரையானாலும் இடமிருந்துதான் ஓடும்.

அறிகுறி: முதல் எண் 1 முதல் 15க்குள் இருக்கிறது

இதுதான் முடிச்சு. வட்டத்தின் நடுவே ஒரு பட்டை, அதில் தேதி, பட்டைக்கு மேலும் கீழும் சீப்புப் பல்லைப் போல நெருக்கமான கோடுகள். இந்த அமைப்புக்கு ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் குஷிகதா. குஷி என்றால் அங்கே சீப்பு. (நம் குஷிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஒரு நல்ல முத்திரை கிடைத்த அன்று இரண்டும் ஒன்றுதான்.) 1906 ஜனவரி 1இல், அதாவது மெய்ஜி 39இல் வந்த அமைப்பு இது. ஆகவே சீப்பு முத்திரையில் 8 என்று இருந்தால் மெய்ஜி 8ஆக இருக்க முடியாது. ஆனால் தைஷோ 8ஆக (1919) இருக்கலாம், ஷோவா 8ஆக (1933) இருக்கலாம், ஹெய்செய் 8ஆகவும் (1996) இருக்கலாம்.

ஹெய்செய், ரெய்வா இரண்டையும் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். 1966 முதல் ஜப்பானிய ஸ்டாம்புகளில் நாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் நிப்பான் என்று வரத் தொடங்கியது. அது இருந்தால் புது ஸ்டாம்பு. விலை சென் கணக்கில் இருந்து, மேலே பதினாறு இதழ் கிரிஸாந்திமம் (சாமந்திப் பூ) சின்னம் இருந்தால் போர்க்காலமோ அதற்கு முந்தியதோ.

மிச்சம் தைஷோவா ஷோவாவா என்ற போராட்டம். இங்கே ஸ்டாம்பு கைவிட்டுவிடும், ஏனென்றால் தசாவா வரிசை 1913இல் தொடங்கி 1930கள் வரை புழக்கத்தில் இருந்தது. கட்டணமும் கைவிடும். உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் 1899 முதல் 1937 வரை அசையாமல் ஒன்றரை சென். கடிதத்துக்கு மூன்று சென். விலைவாசி ஏறாத அந்த முப்பத்தெட்டு வருடம் ஜப்பானியருக்கு நல்ல காலமாக இருந்திருக்கலாம், நமக்குத் தலைவலி.

அட்டையாக இருந்தால் தப்பித்தோம். முகவரிப் பக்கத்தைத் திருப்புங்கள். இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று, முகவரிக்கும் செய்திக்கும் நடுவே உள்ள கோடு. 1907க்கு முன் கோடே கிடையாது, அந்தப் பக்கத்தில் முகவரி மட்டும்தான். 1907 முதல் அட்டையின் மூன்றில் ஒரு பங்கை எழுதக் கொடுத்தார்கள், கோடு அங்கே. 1918 முதல் பாதிக்குப் பாதி, கோடு நடுவில். ஆக மூன்றில் ஒரு பங்குக் கோடும், முத்திரையில் 5ம் இருந்தால் அது பெரும்பாலும் தைஷோ 5ஆகவே (1916) இருக்கும்.

இரண்டு, தலைப்பில் அச்சான "அஞ்சலட்டை" என்ற ஜப்பானியச் சொல். யூபின் ஹகாகி. பழைய அட்டையில் இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் இரண்டும் சிக்கலான சீன எழுத்துகள், பிறகு மூன்று எளிய வளைந்த எழுத்துகள். அந்த மூன்றில் நடுவில் உள்ள எழுத்தின் வலது தோளில் இரண்டு குட்டிக் கீற்றுகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரட்டை மேற்கோள் குறியைச் சாய்த்து வைத்தது போல இருக்கும். "கல்"லில் வரும் "க"வை "தங்க"த்தில் வரும் "க"வாக்கும் குறிதான் அந்தக் கீற்று. 1933 தொடக்கம் வரை அச்சில் அந்தக் கீற்று இல்லை, அதன் பின் உண்டு. போர் முடிந்த பிறகு அந்தச் சொல்லே இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டது.

என் 8.10.12 அட்டைக்கு வருவோம். கோடு சரியாகப் பாதியில். அது 1919க்கும் ஒத்துப்போகிறது, 1933க்கும் ஒத்துப்போகிறது. அடுத்து நடு எழுத்து. லென்ஸைக் கீழே இறக்கினேன். தோளில் ஒன்றும் இல்லை, சுத்தம். 1933 அக்டோபரில் அச்சான அட்டையென்றால் கீற்று இருந்திருக்க வேண்டும். எனவே 1919 அக்டோபர் 12 என்று பென்சிலில் எழுதி வைத்தேன். பேனாவில் எழுதவில்லை. காரணம், பட அட்டையைத் தனியார் அச்சிட்டார்கள், கடைக்காரரிடம் பழைய இருப்பு பல வருடம் கிடந்திருக்கலாம். கீற்று இருந்தால் 1933க்கு முந்தியது அல்ல என்று அடித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். கடைசியில் என் அட்டையை உறுதி செய்தது படம்தான். டோக்கியோவின் அசாகுசாவில் இருந்த பன்னிரண்டு மாடிக் கோபுரம், ரியோஉன்காகு. 1923 செப்டம்பர் 1 பெருநிலநடுக்கத்தில் அது பாதியில் முறிந்தது, மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். படத்தில் கோபுரம் முழுசாக நிற்கிறது, கீழே கூட்டம் அலைமோதுகிறது. 1933இல் இந்த அட்டையை யாரோ வாங்கி அனுப்பியிருக்க முடியாது என்றில்லை, ஆனால் கீற்று, படம் என்ற இரண்டு சாட்சியும் ஒரே பக்கம் சாய்கின்றன. பேனாவை எடுத்தேன்.

கவராக இருந்து, அது வெளிநாட்டுக்குப் போனதாக இருந்தால் இவ்வளவு பாடுபட வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். சென்னையோ கொழும்போ சிங்கப்பூரோ, அவை கிறிஸ்தவ ஆண்டைக் குத்தியிருக்கும். இதற்காகவே சொல்கிறேன், முழுக் கவர் கிடைத்தால் ஸ்டாம்புக்காக அதைத் தண்ணீரில் போடாதீர்கள்.

அறிகுறி: முதல் எண் 1 என்றே இருக்கிறது

இதற்குத் தனியாக ஒரு இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு குட்டிப் புதையல் ஒளிந்திருக்கிறது.

தைஷோ 1 என்பது 1912 ஜூலை 30 முதல் டிசம்பர் 31 வரை. ஷோவா 1 என்பது 1926 டிசம்பர் 25 முதல் 31 வரை, மொத்தம் ஏழே நாள். ஆக 1.12.28 என்ற முத்திரை கிடைத்தால் அது 1912 டிசம்பரா 1926 டிசம்பரா? மேலே சொன்ன தசாவா ஸ்டாம்பு இந்த ஒரு இடத்தில் கைகொடுக்கிறது. அது 1913இல்தான் வந்தது என்பதால், தசாவாவின் மேல் 1.12.28 இருந்தால் தைஷோ 1 அடிபட்டுப் போகும். கையில் இருப்பது ஏழு நாள் ஆண்டின் முத்திரை. அதற்கு முந்தைய கிரிஸாந்திமம் வரிசை ஸ்டாம்பாக இருந்தால் 1912 என்று கொள்ளலாம்.

ஷோவாவின் மறுமுனையும் இதே போலத்தான். 64ஆம் ஆண்டு 1989 ஜனவரி 1இல் தொடங்கி 7ஆம் தேதி பேரரசர் மறைந்ததோடு முடிந்தது. 64.1.1 முதல் 64.1.7 வரை ஏழு முத்திரைகள். மறுநாள் 1.1.8. இந்த முத்திரைக்குச் சந்தேகமே தேவையில்லை, 64 வேறு எந்தச் சகாப்தத்திலும் கிடையாது.

அறிகுறி: முதல் எண் 39 முதல் 45க்குள்

மெய்ஜி 39 முதல் 45 வரை (1906 முதல் 1912), அல்லது ஷோவா 39 முதல் 45 வரை (1964 முதல் 1970). நடுவில் ஐம்பத்தெட்டு வருட இடைவெளி. ஸ்டாம்பைப் பார்த்தாலே போதும்: சென்னா யென்னா, கிரிஸாந்திமம் சின்னம் இருக்கிறதா இல்லையா. விற்பவர்கள் சிலர் 43 என்ற எண்ணைக் காட்டி மெய்ஜி என்று விலை சொல்வார்கள். ஸ்டாம்பில் 15 யென் என்று இருக்கும். சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மற்ற எண்களுக்கு இவ்வளவு கூடக் கஷ்டமில்லை. சீப்பு முத்திரையில் 32 முதல் 38 வரையும், 46 முதல் 64 வரையும் ஷோவா மட்டும்தான். 16 முதல் 31 வரை ஷோவா அல்லது ஹெய்செய், அதாவது 1941 முதல் 1956 வரை அல்லது 2004 முதல் 2019 வரை. ஸ்டாம்பே சொல்லிவிடும். எண் விளையாட்டு பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம்: 22.2.22 என்ற முத்திரை 1947இலும் வந்தது, 2010இலும் வந்தது. 11.11.11 மூன்று முறை வந்துவிட்டது: 1922, 1936, 1999.

அறிகுறி: முதல் எண் 64க்கும் மேல், அல்லது நான்கு இலக்கம்

நான்கு இலக்கத்தில் 19, 20 என்று தொடங்கினால் நமக்குப் பழகிய ஆண்டே. சிறப்பு முத்திரைகளில் இது உண்டு. இரண்டு இலக்கத்தில் 64க்கு மேல் போனால் ஸ்டாம்பு ரியூக்யூவினுடையதா என்று பாருங்கள். ஒக்கினாவா 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியில் தனி ஸ்டாம்போடு இருந்தது, அங்கே மேற்கத்திய ஆண்டு முத்திரையில் ஏறியது.

நான்கு இலக்கம் 26 என்று தொடங்கினால் அது கோகி என்ற பேரரசு ஆண்டுக் கணக்கு. முதல் பேரரசராகச் சொல்லப்படும் ஜிம்முவிலிருந்து எண்ணுவது. 660ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். 2600 என்பது 1940, அதை அவர்கள் பெரிய விழாவாகக் கொண்டாடி ஸ்டாம்பும் வெளியிட்டார்கள்.

மலாயாவில் உறவு இருந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இந்தக் கணக்கு தலைகாட்டலாம். ஜப்பானியர் பிடித்த பிறகு, பழைய மலாயா ஸ்டாம்புகளின் மேல் "டாய் நிப்பான் 2602 மலாயா" என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்து விற்றார்கள். 2602 என்பதை ஏதோ வரிசை எண் என்று நினைத்து ஒதுக்கிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது 1942.

அறிகுறி: எண்களே இல்லை, கோடும் பெட்டியுமாக இருக்கிறது

சீப்பு முத்திரைக்கு முந்தியது. பெரும்பாலும் வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரே ஒரு கோடு போகும். இதற்கு மாருஇச்சி என்று பெயர், "வட்டம் ஒன்று" என்று பொருள். 1888இல் வந்தது. மேல் பாதியில் மாகாணத்தின் பெயரும் அலுவலகத்தின் பெயரும், கீழ்ப் பாதியில் தேதி. தேதி சீன எழுத்து எண்களில், மேலிருந்து கீழாக, பத்திகள் வலமிருந்து இடமாக.

பயப்பட வேண்டியதில்லை. தமிழ் எண்களைப் பழைய முறையில் எழுதத் தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை. இருபத்து மூன்றை நம் முன்னோர் ௨௰௩ என்று எழுதினார்கள்: இரண்டு, பத்து, மூன்று. ஜப்பானியரும் அப்படியே இரண்டு, பத்து, மூன்று என்று எழுதுகிறார்கள். பதினொன்று நமக்கு ௰௧, அவர்களுக்கும் பத்து, ஒன்று. முப்பது ௩௰, அங்கேயும் மூன்று, பத்து. பூஜ்ஜியம் தேவைப்படாத முறை இரண்டு பக்கமும்.

உருவம் மட்டும் பழக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று: படுக்கைக் கோடுகள், அத்தனை எண்ணிக்கையில். நான்கு: ஒரு பெட்டி, உள்ளே திரைச்சீலை விலக்கியது போல இரண்டு கீற்று. ஐந்து: மேலும் கீழும் கோடு, நடுவே முறுக்கு. ஆறு: கோட்டின் மேல் ஒரு புள்ளி, கீழே இரண்டு கால். ஏழு: சாய்ந்த கூட்டல் குறி, வால் வலப்பக்கம் மடங்கும். எட்டு: ஒன்றையொன்று தொடாமல் விலகி இறங்கும் இரண்டு கீற்று. ஒன்பது: நடுவில் வெட்டு, வலது கால் கொக்கியாக முடியும். பத்து: நேரான கூட்டல் குறி.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் வழிகாட்டி. ஆண்டு என்ற எழுத்தில் பல படுக்கைக் கோடுகளைத் துளைத்துக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு கீழே நீண்டிருக்கும். மாதம் என்பது இரண்டு படி உள்ள ஏணி, இடது கால் சற்று வெளியே வளைந்திருக்கும். நாள் என்பது நடுவே ஒரு சட்டம் உள்ள ஜன்னல், எல்லாப் பக்கமும் மூடியது. ஏணியையும் ஜன்னலையும் கண்டுபிடித்துவிட்டால், ஏணிக்கு முன் இருப்பது மாதம், ஜன்னலுக்கு முன் இருப்பது நாள். முதல் ஆண்டை மட்டும் ஒன்று என்று எழுதாமல் "தொடக்கம்" என்ற பொருள் தரும் எழுத்தால் குறிப்பார்கள்: இரண்டு கோடு, கீழே இரண்டு கால், வலது கால் கொக்கி.

இங்கே கவிழ்க்கும் இடம் மூன்று. ஒன்று, மை குறைந்தால் மூன்று கோடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள், நடுக் கோடு விழுந்திருந்தால் இடைவெளி அசாதாரணமாகப் பெரிதாக இருக்கும். இரண்டு, கூட்டல் குறிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் அது ஒரே எழுத்தல்ல, பதினொன்று. மூன்று, தேதியை ஒட்டி வரும் ஒற்றை எளிய எழுத்து. அது இ, ரோ, ஹ என்ற ஜப்பானிய அகரவரிசையில் அன்றைய எத்தனையாவது தபால் என்று சொல்வது. அதை எண்ணாகப் படித்துத் தேதியோடு சேர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி: மெய்ஜி 4 அல்லது 5ஆம் ஆண்டு, கணக்கு ஒரு மாதத்துக்கு மேல் இடிக்கிறது

இந்த அறிகுறி வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், அவ்வளவு பழையதை வைத்திருக்கிறீர்கள். ஜப்பான் 1872 முடிய சந்திர நாட்காட்டியில் இருந்தது. முதல் ஸ்டாம்புகளான டிராகன் வரிசை வெளியானது மெய்ஜி 4ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் முதல் நாள். அது நமக்கு 1871 ஏப்ரல் 20, மார்ச் 1 அல்ல. மெய்ஜி 5ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் 2ஆம் நாளுக்கு மறுநாள், 1873 ஜனவரி 1, மெய்ஜி 6. நடுவில் இருந்திருக்க வேண்டிய அந்த மாதத்தின் மிச்ச நாட்கள் நடக்கவே இல்லை. மெய்ஜி 5, பன்னிரண்டாம் மாதம், பத்தாம் நாள் என்று ஒரு முத்திரையை யாராவது காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.

அறிகுறி: ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில், கணக்கு மறுபடியும் இடிக்கிறது

வெளிநாட்டுக்குப் போகும் தபாலுக்கான முத்திரை. இவ்வளவு நேரம் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். ஆண்டு கிறிஸ்தவ ஆண்டு, வரிசை பெரும்பாலும் நாள், மாதம், ஆண்டு. நம் பழக்கம் முதன்முறையாகச் சரியாக வருகிற இடம். யோகோஹாமா, கோபே, டோக்கியோ முத்திரைகளில் இதை அதிகம் பார்க்கலாம். இதில் 10.3.09 என்று இருந்தால் 1909 மார்ச் 10. ஒரே கவரில் உள்நாட்டு முத்திரையும் இதுவும் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அறிகுறி: எல்லாம் ஜப்பானிய முத்திரை போலவே இருக்கிறது, ஆனால் எந்தச் சகாப்தமும் பொருந்தவில்லை

ஜப்பான் அல்லாத இடமாக இருக்கலாம். தைவானும் (1895 முதல் 1945) கொரியாவும் (1910 முதல் 1945) ஜப்பானின் சகாப்தத்தையே குத்தின, அங்கே தொல்லையில்லை. மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய மஞ்சுகுவோ அப்படியல்ல. தனி நாடு என்று காட்டிக்கொள்ளத் தனிச் சகாப்தம் வைத்தார்கள்: 1932 மார்ச் முதல் டாதோங், 1934 மார்ச் முதல் காங்தே. டாதோங்குக்கு 1931ஐக் கூட்டுங்கள், காங்தேவுக்கு 1933ஐ. காங்தே 8 என்றால் 1941. அதே மஞ்சூரியக் கரையில் இருந்தாலும் டைரன் துறைமுகம் ஜப்பானின் குத்தகைப் பகுதி, அங்கே ஷோவாதான். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் பகுதியில் இறங்காதீர்கள்.

சீனக் குடியரசு 1912ஐ ஒன்று என்று எண்ணியது. அதனால் கூட்ட வேண்டியது 1911, தைஷோவுக்கு உரிய அதே எண். 1945க்குப் பிறகு தைவான் முத்திரைகளில் இந்தக் கணக்கு வரும்: 40 என்றால் 1951. இதை ஷோவா 40 என்று எடுத்தால் பதினான்கு வருடம் தவறும்.

அறிகுறி: தேதி 1.1 என்று இருக்கிறது, ஆனால் எழுதியவர் டிசம்பர் என்று எழுதியிருக்கிறார்

பிழை எதுவும் இல்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை டிசம்பரிலேயே வாங்கி, ஜனவரி 1 முத்திரை குத்தி, அன்று காலை பட்டுவாடா செய்வது அங்கே வழக்கம். முத்திரையில் உள்ளது போட்ட நாளல்ல.

அறிகுறி: தேதிக்குக் கீழே இன்னும் இரண்டு எண்கள்

நேரம். 8-12, 12-18 என்று இருந்தால் 24 மணிக் கணக்கில் தபால் எடுத்த நேர இடைவெளி. பழையவற்றில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து இருக்கும்: தலையில் இரண்டு கொம்போடு சிக்கலாக இருந்தால் முற்பகல், இடப்பக்கம் சரிந்த கூரையும் அடியில் ஒரு சிறு பெட்டியுமாக இருந்தால் பிற்பகல். சில முத்திரைகளில் அந்த இடத்தில் நட்சத்திரமோ மாவட்டப் பெயரோ இருக்கும். தேதிக்கும் அதற்கும் உறவில்லை, தாண்டிப் போங்கள்.

அறிகுறி: மை மங்கல், அல்லது ஸ்டாம்பின் நிறத்தில் முத்திரை மறைந்துவிட்டது

லென்ஸை எடுக்கும் முன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கை முத்திரை அழுந்திய இடத்தில் காகிதம் கொஞ்சம் பள்ளமாகியிருந்தால் மை இல்லாத இடத்திலும் எண்ணின் விளிம்பு நிழலாகத் தெரியும்.

சிவப்பு ஸ்டாம்பின் மேல் கறுப்பு முத்திரை என்றால் மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித் தாளை ஸ்டாம்பின் மேல் வையுங்கள். ஸ்டாம்பின் சிவப்பு வெளிறிப்போய் முத்திரை மட்டும் நிற்கும். நீல ஸ்டாம்புக்கு நீலத் தாள். முதல் தடவை செய்தபோது ஏதோ மாயவித்தை போல இருந்தது. ஒன்றரை சென் நீலத்தின் அடியிலிருந்து 3 போல இருந்த எண் மெல்ல 8ஆக மூடிக்கொண்டது. அட்டையின் வயது ஐந்து வருடம் குறைந்தது. போனில் படமெடுத்து நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் செயலியிலும் இதையே செய்யலாம்.

தேதியின் ஒரு பகுதிதான் ஸ்டாம்பில் விழுந்திருக்கிறது என்றால் புள்ளிகளைத் தேடுங்கள். எண்களுக்கு இடையே உள்ள புள்ளி பிழைத்திருந்தால், அதற்கும் பட்டையின் ஓரத்துக்கும் நடுவே உள்ள இடம் ஓரிலக்கத்துக்குப் போதுமா ஈரிலக்கத்துக்குப் போதுமா என்று அளந்துவிடலாம். ஆண்டு ஈரிலக்கம் என்று தெரிந்தாலே 1 முதல் 9 வரை எல்லாம் கழிந்துவிடும்.

அதற்கு மேலும் பிடிபடாத முத்திரைகள் என்னிடம் ஒரு சிகரெட் டப்பா நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் சீட்டிலும் தெரிந்த எண்ணை மட்டும் எழுதி, தெரியாத இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் பென்சிலில்.